மடங்காச் சிறுகத்தி: மாவனல்லை வட்டாரத்து அடுப்படிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கத்தியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் போரைப் பற்றி எழுதியவர்கள். ஆகவே ஒரு முழத்துக்கு மேற்பட்ட கத்திக்கு வரலாறு கிடைத்தது, பட்டப் பெயர் கிடைத்தது, நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டியும் கிடைத்தது. ஒரு சாணுக்கு உட்பட்ட கத்திக்குக் கிடைத்ததெல்லாம் கறிச்சட்டி கழுவிய தண்ணீர்தான். இந்த அநீதியைக் களையும் நோக்குடன், மாவனல்லையைச் சுற்றியுள்ள தோட்ட லயங்களையும் ஊர் வீடுகளையும் களமாகக் கொண்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. நிதியுதவி எவரும் செய்யவில்லை. தேநீர் உதவி பலர் செய்தார்கள்.

முதலில் வரையறை. சிறுகத்தி என்பது நாலு விரல் முதல் ஆறு விரல் வரை அலகு கொண்டது. பிடியோடு நிலையாகப் பொருந்தியது. எக்காரணம் கொண்டும் மடங்காதது. ஒரு வீட்டில் ஒன்றுக்கு மேல் இராதது. அந்த ஒன்றும் தேடும்போது அகப்படாதது. கடைசி இலக்கணம் இல்லாத கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இவ்வாய்வில் சேராது.

மன்னா எனும் பெரிய வெட்டுக்கத்தியும் சேராது. அதன் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பலாக்காய் வீட்டுக்கு வரும் நாளில் நடப்பதைப் பாருங்கள். குடும்பத் தலைவர் மன்னாவை எடுத்து, கைக்குத் தேங்காயெண்ணெய் பூசி, இரண்டு போடு போடுகிறார். காய் பிளக்கிறது. தம் பங்கு முடிந்ததென்று வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அதன் பிறகு தண்டைச் சீவ, சுளையைப் பிரிக்க, சடையை ஒதுக்க, கொட்டையை எடுக்க, கொட்டையின் வெள்ளைத் தோலைக் கீறி உரிக்க என்று ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுவது சிறுகத்தி. அதன் அலகில் ஏறிய பலாப்பாலும் சோப்புக்குப் போகாது, எண்ணெய் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். பலாக்காயை வெட்டியது யார் என்று கேட்டால் மட்டும் வாசலில் இருப்பவரைக் காட்டுவார்கள்.

வரலாறு சிறுகத்தியின் பக்கமே இருக்கிறது என்பதற்குச் சான்று இந்தக் கேகாலை மாவட்டத்திலேயே உண்டு. கித்துல்கலயில் உள்ள பெலிலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பின் தடயங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்தவை வாள்களல்ல, சின்னஞ்சிறு படிகக்கல் சில்லுகள். முக்கோணமாகவும் பிறைவடிவாகவும் செதுக்கப்பட்ட அவற்றில் சில கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. கூடவே கிடைத்த கருகிய எச்சங்கள் காட்டு ஈரப்பலா, காட்டு வாழை, கெக்குனக் கொட்டை ஆகியவற்றைச் சொல்கின்றன. அதாவது அன்றைய சமையற் பட்டியலுக்கும் இன்று ஒரு தோட்ட வீட்டின் மத்தியானக் கறிக்கும் பெரிய தூரம் இல்லை. ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் 5,300 ஆண்டுகள் கிடந்து 1991இல் வெளிப்பட்ட அந்த மனிதரும் இடுப்பில் மரப்பட்டை நாரால் பின்னிய உறைக்குள் ஒரு சிறு கல்கத்தி வைத்திருந்தார். அதுவும் மடங்காதது. உலகப் பொதுக்கருத்து இந்த விஷயத்தில் வெகுகாலமாக ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

கண்டி அரசர் காலத்தில் சிறுகத்திக்குக் கொஞ்சம் யோகம் அடித்தது. அரண்மனையின் ‘பட்டல் ஹதர’ எனும் நான்கு பட்டறைகளில், தந்தத்திலும் கொம்பிலும் பிடி போட்டு, வெள்ளி வேலை செய்து, ‘பிஹாகெத்த’ என்ற கத்தி ஆக்கப்பட்டது. சிலவற்றில் ஒரே உறைக்குள் கத்தியும் ஓலையில் எழுதும் எழுத்தாணியும் சேர்ந்தே இருக்கும். கனிமவள ஆய்வுக்காகக் கல்லைத் தேடி நாடெங்கும் நடந்து, கல்லைவிடக் கைவினைஞர்களைக் கூடுதலாகக் கவனித்துவிட்ட நம் ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலில் இந்த மாதிரிக் கைவேலைகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். வாசிக்கும்போது ஒரு சந்தேகம் மட்டும் எழுகிறது. இத்தனை வெள்ளி வேலை செய்த கத்தியால் ஒரு வெங்காயமாவது உரிக்கப்பட்டதா? உரித்திருந்தால் பிடியில் அந்தப் பளபளப்பு எஞ்சியிருக்காது. மாவனல்லைச் சிறுகத்தியின் பிடி சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றியது. ஈரக் கைக்கு வழுக்காது. தந்தம் வழுக்கும்.

இனி எதிர்க்கட்சியைக் கவனிப்போம். 1897இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் தம் இராணுவ அதிகாரிகளுக்கான பலவினைக் கத்திக்குப் பதிவுரிமை பெற்றார். கத்தி, தக்கை திருகி, தகரம் திறப்பான் எல்லாம் ஒன்றுக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டன. மடக்குக் கத்தியே அறிவின் உச்சம் என்று வாதிப்போர் இன்றும் உளர். அந்த வாதம் மாவனல்லைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடை வாசலில் தகர்ந்ததை இங்கே பதிவு செய்தல் கடமை.

“நானா, சின்னக் கத்தி ஒன்னு குடுங்க. மடக்குறது வேணாம்.”

“மடக்குறதுதான் நல்லம் அக்கா. மடக்கி சேட்டுப் பொக்கட்டுல போட்டுக்கிட்டா எங்கயும் கொண்டு போகலாம்.”

“பொக்கட்டு ஒங்க சேட்டுல இருக்கு நானா. எங்க சீலையில எங்க இருக்கு?”

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மடங்காததை எடுத்துக் கொடுத்தார். ஆய்வுலகமும் அவ்வாறே செய்தல் தகும். மடக்குக் கத்தி பையின் பிள்ளை. பை இல்லாத உடைக்கு மடக்கு எதற்கு? லயத்துக் காம்பிராவில் சிறுகத்தி இருக்குமிடம் கூரைத் தகரத்துக்கும் வளைக்கும் இடையிலுள்ள சந்து. கையை உயர்த்தினால் அலகு கண்ணுக்குத் தெரியும், பிடி கைக்கு வரும். ஒரு கையில் பிள்ளை, அடுப்பில் எண்ணெய் புகைகிறது என்னும் நிலையில், நகத்தைப் பிளந்துகொண்டு மடிப்பை இழுத்துத் திறக்க எவருக்கும் நேரமில்லை. எல்செனர் அடுப்படியில் நின்றிருந்தால் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

சிறுகத்தியின் மிக உயர்ந்த நிலை இறப்பர் மலையில் காணப்படும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கை வந்து கம்பஹா ஹெனரத்கொடவில் ஊன்றின. மரம் வந்துவிட்டது, அதைக் காயப்படுத்தாமல் கீறும் கத்தி வரவில்லை. 1906இல் பேராதனைப் பூங்காவில் நடந்த இறப்பர் கண்காட்சியில், பால் எடுக்கும் கருவிகளும் வந்து வரிசையில் நின்றன. துரைமார் ஆளுக்கொரு கத்தி கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் சூட்டிய காலம் அது. அவற்றுள் நிலைத்தது ‘மிச்சி கொலெட்ஜ்’ கத்தி. அதன் முனை வளைந்திருக்கிறதே, மடங்காக் கத்தி என்று எப்படிச் சொல்லலாம் என்பார் உளர். துரையைக் கண்டால் கணக்கப்பிள்ளையின் முதுகும் வளையும். மடங்கிவிடாது.

அந்தக் கத்தி செய்வதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். விடியுமுன், மரத்துக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கையில், பால்வெட்டுபவர் பழைய கோட்டில் உறைந்த இழையை விரலால் உரித்து எறிகிறார். இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில், கத்தி சிறு சிறு சீவல்களாக நகர்கிறது. சரிவு அந்தப் பக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன, இப்படி வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். சீவும் பட்டையின் கனம் ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர். ஆழமோ, வளர்படைக்கு ஒரு மில்லிமீற்றர் வரை போய் நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றால் பால் குறைவு. தாண்டினால் மரத்தில் புண், பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி அடுத்த சுற்றுக்கு உதவாது. வெட்டு முடிந்ததும் வெள்ளைக் கோடு ஒன்று எழுந்து, வழிந்து, சிரட்டைக்குள் சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்தில் நிற்கிறார். ஒரு காலைக்கு 250, 300 மரம். தமிழில் வெண்ணெய்வெட்டிச் சிப்பாய் என்று ஏளனம் செய்கிறோமே, இந்த வெட்டுக்கு வெண்ணெயை வெட்டுகிற கைதான் வேண்டும். வாள் பிடித்த கையை இந்த மலைக்கு அனுப்பினால் ஒரு வருடத்தில் தோட்டம் விறகாகும்.

அரசாங்கமும் ஒருமுறை கத்தியை வரையறுக்க நேர்ந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு, மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்கும்படி அறிவிப்பு வந்தது. அன்றாட வேலைக்குரியவை விலக்கு என்றும் சொல்லப்பட்டது. இந்தப் பக்கத்தில் அது சிரிப்பதற்குரிய காலம் அல்ல. தேங்காய் வெட்டும் மன்னா பெரிய கத்தியா, அன்றாடக் கத்தியா என்று தீர்மானிக்க எந்த வீட்டிலும் அளவுகோல் கிடையாது. சிறுகத்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒதுக்கப்படுவதிலும் சில சௌகரியங்கள் உண்டு.

கூர் மழுங்கினாலும் இதன் பயன் ஓயாது. தீட்டுக்கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மினுக்குப் பூச்சு இல்லாத அடிவட்டத்தில் நாலு இழுப்பு இழுத்தால் தக்காளிக்குப் போதும். அதற்கும் வசப்படாதது காவல் வேலைக்குப் போகும். வயசுக்கு வந்த பிள்ளையின் பாய்க்கருகில், பச்சைக் குழந்தையின் தலைமாட்டில், இரும்பு ஒன்று இருக்க வேண்டும் என்பது வழக்கம், காத்துக்கருப்பு அண்டாதாம். பேய்க்கு அலகை விரலால் தொட்டுப் பார்க்கத் தெரியாது போலும். கையிலிருந்து கைக்குக் கத்தி மாற்றினால் சண்டை வரும் என்பதால் கீழே வைத்தே எடுக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுமுன், கூர்ப்பக்கம் முன்னே இருக்க நீட்டிய கத்தியை அவசரத்தில் பிடித்த கைகளைக் கணக்கெடுக்க வேண்டும். அறுத்த கைக்குச் சுண்ணாம்பு கொடுக்கப் பக்கத்து வீட்டில் ஆள் இருக்குமென்று உறுதியும் இல்லை.

எஞ்சியிருப்பது, சிறுகத்தி எங்கே போகிறது என்ற கேள்வி. விடை பெரும்பாலும் தோல்களில் இருக்கிறது. உரித்த வெங்காயத் தோல், ஈரப்பலாச் சீவல், வல்லாரைத் தண்டு எல்லாம் பழைய பத்திரிகைத் தாளின் மேல் குவிகின்றன. கத்தி அதே தாளின் மேல்தான் ஓய்வெடுக்கிறது. தாள் சுருட்டப்படுகிறது, குப்பைக் குழிக்குப் போகிறது. மாதங்கள் கழித்து மரவள்ளி நட மண்ணைக் கிளறும்போது துருவேறி, பிடி உக்கி வெளிவருகிறது. புதிய டியூப் கீற்று சுற்றப்பட்டு அன்றைய கறிக்கே மீண்டும் பணியில் சேர்கிறது. இடைக்காலத்தில் கத்தியை எடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளைகளிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இரவல் போய்த் திரும்பாத கத்திகள் என்ற பகுதி எழுதி முடிக்கப்பட்டு, இக்கட்டுரையில் சேர்க்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அடுத்த காம்பிராவோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை யார் பெயரையும் அச்சில் போடக் கூடாதென்று வீட்டில் உத்தரவு.