நட்டநடுவில் நாற்காலி

பிரபஞ்சம் அவசரத்தில் கிண்டிய உப்புமா மாதிரி. இங்கே கேலக்ஸிக் கட்டி, அங்கே வெறும் பொட்டல். 1917இல் கணக்குப் போட உட்கார்ந்த ஐன்ஸ்டைன் அதைக் கரண்டியால் தட்டி நிரவிவிட்டார். கட்டியோடு கணக்குப் போட ஆயுசு போதாதே!

பெல்ஜியப் பாதிரியார் லெமைத்ருக்குக் கட்டி உறுத்தியது. இடத்துக்கு இடம் வெவ்வேறு வேகத்தில் விரியும் பிரபஞ்சத்துக்கு 1933இல் சமன்பாடு எழுதினார், பிரெஞ்சில். மறு வருஷம் இயற்பியலாளர் டோல்மன், 1947இல் ஹெர்மன் போண்டி அதைக் கையாண்டார்கள். டோல்மன் நியாயமாகப் பாதிரியார் பெயரைக் குறிப்பிட்டார், ஊர் கேட்டால்தானே? வெகுகாலம் அது ‘டோல்மன்-போண்டி மாடல்’தான். சமைத்தவர் அடுப்படியில், பேர் பந்தி விசாரித்தவர்களுக்கு.

போண்டியோ அடுத்த வருஷமே சகா கோல்டுடன் சேர்ந்து, பிரபஞ்சம் எங்கும் எப்போதும் ஒரே மாதிரி என்று கட்சி மாறினார். 1965இல், பிரபஞ்சம் ஒருகாலத்தில் கொதித்ததன் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு பிடிபட்டதும் அந்தக் கொள்கை போண்டியானது. (இந்தச் சிரிப்பு தமிழனுக்கு மட்டும்.)

1998இல் தூரத்து சூப்பர்நோவாக்கள், அதாவது வெடிக்கும் நட்சத்திரங்கள், எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன; இன்னும் தள்ளிப் போயிருந்தன என்று அர்த்தம். விரிவின் வேகம் கூடுகிறது, காரணம் கண்ணில் படாத கரும் ஆற்றல், பிரபஞ்சச் சரக்கில் சுமார் 70 சதவீதம் அதுதான் என்றார்கள். சிலருக்கு இது ஜீரணமாகவில்லை. பாதிரியாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். நாம் இருப்பது பலநூறு கோடி ஒளியாண்டு அகலப் பள்ளம் என்றார்கள். சரக்கு குறைந்த இடம் வேகமாக விரியும், வெளியே மெதுவாக. தூரத்தைப் பார்ப்பது பழசைப் பார்ப்பதல்லவா? ஆக அன்று மெது, இன்று வேகம் என்று தோன்றும். சூப்பர்நோவாக் கணக்கும் ஒத்துவந்தது!

ஒரே நிபந்தனை: நாம் பள்ளத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டும். சற்றே தள்ளி உட்கார்ந்தாலும் பின்னணிக் கதிர்வீச்சு ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் காட்டிக்கொடுக்கும். 1543இல் கோப்பர்நிக்கஸ் நம்மை எழுப்பிவிட்ட நாற்காலி, துடைத்து மறுபடி போடப்பட்டது.

நடுவில் இருப்பவனைக் கேட்டால் நடுவென்றுதான் சொல்வான். ஓரத்து ஆளை விசாரித்தார்கள். தூரத்துக் கேலக்ஸிக் கொத்துகளின் சூடான வாயு அந்தப் பின்னணி ஒளியைச் சிதறடிக்கும். பள்ளம் மெய்யானால், அக்கொத்துகள் ஒளியை எதிர்த்துத் தறிகெட்டு ஓடிய தடம் அதில் பதிந்திருக்கும். தேடினார்கள். அந்த அளவுக்குத் தடமே இல்லை. பள்ளக் கணக்கு சொன்ன விரிவு வேகமும் அளந்ததற்கு எட்டவில்லை.

பள்ளக்காரர்களை நான் பரிகசிக்க மாட்டேன். தோற்கடிக்க இடம் வைத்துக் கணக்குப் போட்ட யோக்கியர்கள். 2011 வாக்கில் அவர்கள் கடை ஏறக்குறைய காலி. அதே வருஷம் எதிர்க்கடைக்காரர் மூவருக்கு நோபல். அந்தக் கரும் ஆற்றல் என்ன சரக்கு என்று கேட்டால் மட்டும் இன்னும் கல்லாவில் பதில் இல்லை.