மலையேறிய மீன்கள்

ஜவ்வாது மலையில் நான் வளர்ந்த காலத்தில் மீன் கிடைக்க இரண்டே வழிதான். ஒன்று, சந்தை நாளில் சாக்கில் கட்டி, பஸ் கூரையில் ஏறி வரும் கருவாடு. போளூரில் ஏற்றிய மூட்டை ஜமுனாமரத்தூரில் இறங்குவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் வேட்டியிலும் புடவையிலும் அந்த வாசம் ஏறியிருக்கும். யாரும் முகம் சுளித்ததாக ஞாபகமில்லை. இன்னொன்று, ஓடையில் இறங்கி நாமே பிடிப்பது. அப்பாவுக்கு மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார் வேலை. காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கியைத் திறந்துவைக்கப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்துபோன 1986 ஐ ஒட்டிய வருஷங்கள் அவை. அவ்வளவு பெரிய கண்ணாடி ஒன்று மலையின் ஒரு பக்கம் வானத்தை அளந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் நாங்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து பாறை இடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தோம். இரண்டு கூட்டத்துக்கும் பொறுமை ஒரே அளவுதான் இருந்தது.

எங்களை ஓடைக்குக் கூட்டிப்போனவர் பக்கத்துக் கொல்லைக்காரரான ஒரு மலையாளிப் பழங்குடிப் பெரியவர். உறவு ஒன்றுமில்லை, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் சாயங்காலமே அவர் வீட்டுத் திண்ணையில் வேலை தொடங்கிவிடும். மூங்கில் கழியைத் தணலில் வாட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி நேராக்குவார். போளூர்க் கடையில் காகிதத்தில் மடித்து வாங்கிய முள்ளை நரம்பில் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்குவார். தக்கைக்குச் சோளத்தட்டை: பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளை நெட்டியை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, நடுவில் நரம்பைக் கோத்து, தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். படுத்து மிதந்தால் ஈயம் போதவில்லை, முழுகினால் ஈயம் அதிகம். தலை மட்டும் வெளியே தெரிய நிமிர்ந்து நிற்க வேண்டும். அது நிற்கும்வரை எங்களுக்குச் சோறு இறங்காது. எருக்குழி ஓரத்தில் மண்புழு தோண்டி, ஈரமண்ணோடு கொட்டாங்கச்சியில் போட்டு, மேலே ஒரு இலையை மூடி வைத்துவிட்டுப் படுத்தால், தூக்கம் எங்கே வரும்? உங்களுக்கும் அப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும். மீனுக்காக இல்லாவிட்டாலும் சுற்றுலா பஸ்ஸுக்காகவோ, தீபாவளி விடியலுக்காகவோ.

விடிவதற்குள் கிளம்பி, வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பிவிடுவோம். அரைநாள். இப்போது அதே அரைநாளுக்குக் கட்டணம் போட்டு, உயிர்காப்பு அங்கி கொடுத்து, கூட வருபவரை வழிகாட்டி என்கிறார்கள். மாமாவுக்கு அந்தப் பட்டமெல்லாம் இல்லை. அப்பா கொடுக்கும் வெற்றிலைப் பாக்கும் ஒரு கட்டு பீடியும்தான் கூலி, அதையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியபடியே மடியில் செருகிக்கொள்வார். ஆனால் அவரைப் போலத் தண்ணீரைப் படித்தவரை நான் பிறகு பார்த்ததில்லை. செய்யாற்றுக்கு இறங்கும் ஓடைகளில் எந்த மடுவில் எந்த மாதம் என்ன கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். வெயில் முகத்தில் அடிக்கும்படிதான் நிற்கச் சொல்வார், நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாதாம். பாறையில் காலை ஓங்கி வைத்தால் திரும்பிப் பார்ப்பார், திட்ட மாட்டார். அந்தப் பார்வையே போதும். "தக்கையப் பாருடா கண்ணு, தண்ணியப் பாக்காத" என்பார். தக்கை துடித்தால் கெண்டை, மெதுவாக நடந்து போனால் கெளுத்தி, சட்டென்று காணாமல் போனால் குரவை. ஒரு மணி நேரம் போகும், இரண்டு மணி நேரம் போகும், ஒன்றும் நடக்காது; தட்டான் ஒன்று வந்து தக்கையின் மேல் உட்காரும்; அது எழுந்து போனால்தான் மீன் வரும் என்று நம்பி, தட்டானைப் பார்த்தபடியே ஒரு காலைப் பொழுது கழியும். அந்தச் சும்மா இருத்தலை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. அந்த வயதில் நான் ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது அங்கே மட்டும்தான் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கோடையில் ஓடை அறுந்து மடு மடுவாக நிற்கும்போது சிலர் காரைக்காயை இடித்துக் கரைப்பார்கள். மீன் மயங்கி மேலே வரும். மாமாவுக்கு அது பிடிக்காது. தூண்டிலும் கூடையும் கையும்தான் அவர் வழி. கையைப் பாறைப் பொந்துக்குள் தோள் வரைக்கும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவுவார். அப்படித்தான் ஒருநாள் விலாங்கு வந்தது. அவர் முழங்கை நீளத்துக்கு மேல், பாம்பு என்று நான் கரைக்கு ஓடிவிட்டேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்ற பழமொழியைப் பாட்டி வாயில் கேட்டிருக்கிறேனே தவிர, அந்தத் தலையையும் வாலையும் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மாமி அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு உருவினாள். சாம்பல் போடாமல் விலாங்கைப் பிடித்து நிறுத்த எந்தக் கையாலும் முடியாது. கொழகொழப்பு உருண்டு உருண்டு வந்து, உள்ளே இருந்து பழுப்பும் மஞ்சளுமாகத் தோல் பளபளத்தது. மண்சட்டியில் புளிக் குழம்பு, சுடச்சுடச் சாமைச் சோறு. அந்தக் குழம்பின் கொழுப்பு சோற்றில் ஊறியிருந்த விதத்தை எழுதிக் காட்ட என்னால் ஆகாது.

"இது எங்க குஞ்சு பொரிக்குது மாமா?" என்று கேட்டேன். "இங்க இல்ல. இதுக்கு முட்டைய ஒருத்தனும் பாத்ததில்ல" என்றார். ஓடைக்காரர் சொன்ன அதே வார்த்தை உலகத்து விஞ்ஞானிகளையும் நெடுங்காலம் அலைக்கழித்தது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் 1904 இல் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் அட்லாண்டிக்கில் கப்பலோட்டி, மேலும் மேலும் சிறிய குஞ்சுகளைத் தேடிப் போய், ஐரோப்பிய விலாங்கு சர்காசோ கடலில் பிறக்கிறது என்று சொன்னார். நம் ஆறுகளில் இருப்பது வேறு இனம், ஆனால் வாழ்க்கை அதே மாதிரிதான்: கடலில் பிறந்து, கண்ணாடிபோல் உடம்பு தெரியும் குஞ்சாக முகத்துவாரத்துக்குள் நுழைந்து, ஆற்றோடு ஏறி, பல வருஷம் நல்ல தண்ணீரில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மறுபடி கடலுக்கு இறங்கும். அப்படியானால் மாமி சாம்பல் போட்டு உருவிய அந்த உருப்படி வங்கக் கடலிலிருந்து பாலாற்றில் நுழைந்து, திருமுக்கூடலில் செய்யாற்றுக்குத் திரும்பி, செங்கத்தைக் கடந்து, ஏதோ ஒரு பெருவெள்ள வருஷத்தில் எங்கள் மலைக்கு ஏறி வந்திருக்க வேண்டும். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு முகத்துவாரத்தைப் பார்க்கும் ஆசை.

ஆசை நிறைவேறியது என் மகளால். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த தையில், வயலூருக்கும் செய்யூர் பக்கத்துக் கடலூருக்கும் நடுவே ஆறு கடலில் விழும் இடத்தில், அரைநாள் தூண்டில் பயணத்துக்கு அவள் கைப்பேசியிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். கூட்டிப்போனது ஒரு குப்பத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். அவன் தாத்தா கட்டுமரக்காரர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையெல்லாம் ஃபைபர் படகாக மாறியபோது அவர்கள் வீட்டிலும் கட்டுமரம் போய் ஃபைபர் வந்தது. "அண்ணா, அக்கா, ரெண்டு பேரும் ஜாக்கெட்ட மாட்டிக்குங்க, அப்பறம்தான் போட்டு நகரும்" என்று கறாராகச் சொன்னான். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஓடையில் நாங்கள் வழுக்கி விழுந்து எழுந்த பாறைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். மகளைப் பெற்றவனுக்கு அந்த ஆரஞ்சு நிறச் சட்டையைவிட அழகான துணி கிடையாது.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆழம் குறைந்ததும் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி போட்டுத் தள்ளினான். படகில் மீன் காட்டும் கருவி இருந்தது. கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடம் இருந்தது. கழுத்தை நீட்டி ஆலாக்கள் எங்கே விழுந்து எழுகின்றன என்று பார்ப்பதும் இருந்தது. மூன்றில் எதை நம்பினான் என்றால், ஆலாவைத்தான். மணல்திட்டு ஓரத்தில் மடவை துள்ளிக்கொண்டிருந்தது. "மடவ இருந்தா பின்னாடி கொடுவா இருக்கும்ணா, தண்ணி ஏறட்டும்" என்றான். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், ஆனால் அந்த ஒரு மீட்டரில்தான் முகத்துவாரத்தின் பிழைப்பு முழுவதும் நடக்கிறது.

புழு இல்லை. ரப்பரில் செய்த இறால், மீசையும் கண்ணும் வைத்து, மினுங்கும் பொடி தூவி, எங்கள் காலத்துக் கல்யாணப் பெண்ணைவிட அலங்காரமாக இருந்தது. தக்கையும் இல்லை, வீச வேண்டும், சுற்ற வேண்டும், மறுபடி வீச வேண்டும். கை ஓயவே இல்லை. நல்ல சுறுசுறுப்பான விளையாட்டுதான், மகள் ஒரு மணி நேரத்தில் என்னைவிடத் தூரம் வீசினாள், அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. எனக்குத்தான் தட்டான் வந்து உட்கார ஓர் இடம் இல்லையே என்றிருந்தது.

கொடுவா அவளுக்கே மாட்டியது. ரீல் கிறீச்சிட்டு நரம்பு ஓடியது. மீன் தண்ணீரை விட்டு முழுசாக எழும்பித் தலையை உதறியது. பையன் வலையில் அள்ளிப் படகுக்குள் வைத்தான். வெள்ளித் தகடாக உடம்பு, வெளிச்சம் பட்டால் கனலும் கண். ஒரு படம் எடுத்ததும், வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, செவுளில் தண்ணீர் ஏறியபின் விட்டுவிட்டான். பிடித்த மீனை விடுவதை என் கண்ணால் பார்த்தது அதுவே முதல் தடவை. மாமாவின் கூடையில் விழுந்தது விரல் நீளமானாலும் சட்டிக்குத்தான் போகும். அவர் பார்த்திருந்தால் இரண்டு நாள் பேசியிருக்க மாட்டார். "பெரிசெல்லாம் பொட்டைண்ணா" என்று பையன் விளக்கினான். அது உண்மை. கொடுவா ஆணாகத்தான் பருவத்துக்கு வரும், வளர்ந்தபின் பெண்ணாக மாறும். பெரிய மீனை எடுத்தால் அடுத்த தலைமுறையின் முட்டையையே எடுத்த மாதிரி. பசிக்காகப் பிடித்தவர்கள் பிடித்ததும் சரி, விளையாட்டுக்காகப் பிடிப்பவர்கள் விடுவதும் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"இங்க விலாங்கு வருமா தம்பி?" என்று கேட்டேன். "தாத்தா சொல்லும். வெள்ளத்தண்ணி வர்றப்ப வலையில ஏறுமாம். நான் பாத்தது ரொம்பக் கம்மி" என்றான். அவன் கை காட்டிய மேற்குத் திசையில் பாலாற்றின் குறுக்கே தடுப்பணை. அதற்கு மேல் இன்னும் அணைக்கட்டுகள். செய்யாற்றில் ஏறினால், மலையிலிருந்து ஆறு இறங்கும் வாசலிலேயே, செங்கத்துக்குப் பக்கத்தில் 60 அடி உயரத்துக்குக் குப்பநத்தம் அணை. அந்தத் தண்ணீரால் எத்தனை ஏரிகள் நிரம்புகின்றன, எத்தனை கழனி விளைகிறது என்று எனக்குத் தெரியும், அணைகளை நான் குறை சொல்லவில்லை. குறை எங்கே என்றால், வழியை அடைக்கும்போது அந்த வழியில் நடப்பவர்கள் யார் என்று யாரும் கேட்டுக்கொள்ளாததில்.

இன்றைக்கு மலைக்குப் போனால் கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். கோடை விழாவுக்கு வண்டிகள் வரிசை கட்டி ஏறுகின்றன. கடைத்தெருவில் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் ஐஸ் நடுவே சங்கராவும் நெத்திலியும் கிடக்கின்றன, ராத்திரி கடலில் பிடித்தது மத்தியானம் மலைமேல். ஆற்றில் ஏற முடியாத கடல்மீன் தார்ரோட்டில் ஏறி வருகிறது. கருவாட்டு மூட்டைக்காகச் சந்தை நாளை எண்ணிக்கொண்டிருந்த என் அம்மா இதைப் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள், நானும் வாங்கித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அந்தப் பெட்டியில் விலாங்கு வராது. ஓடை மடுவில் கையை விட்டுத் துழாவுகிற ஒரு பையனுக்கு இனி அது கிடைக்குமா என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.

ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அணையின் ஒரு ஓரத்தில் சாய்வாக ஒரு தளம். அதில் சரளைக் கல்லோ, பிரஷ் மாதிரியான நாரோ பதித்து, மேலிருந்து கொஞ்சமாகத் தண்ணீர் கசிய விடுவார்கள். விலாங்குக் குஞ்சு ஈரம் இருந்தால் செங்குத்துப் பாறையில்கூட ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். அதற்கு வேண்டியது ஒரு முழ அகலமும் ஈரமும்தான். பாலாற்றிலும் செய்யாற்றிலும் அடுத்த தடுப்பணைக்கு வரைபடம் போடும் பொறியாளர்கள் இந்த நாலு வரியைப் படிக்க நேர்ந்தால், அந்த ஒரு முழத்தையும் சேர்த்து வரையுங்கள்.