முதலாளிக்கு மட்டும் காலைப்பொழுது

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளிகளில் இந்த ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு பேனா, கல்லாவில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது வேறு வழியில்லாமல் வாங்கியது. 2018இல் அந்த வரி போய்விட்டது, கம்ப்யூட்டர் போகவில்லை.

காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு முதலாளி அண்ணன் தன் வேலையைப் பார்ப்பார். சாமி படத்துக்குப் பூ மாற்ற வேண்டும். ஊதுபத்தி கொளுத்திக் கல்லாவுக்கும் ஒரு சுற்றுக் காட்ட வேண்டும். மாமாக் கடையிலிருந்து தே தாரே வர வேண்டும், சீனி குறைச்சலாக. இதற்கு நடுவில் கடைப்பையன், "அண்ணே, நேத்து வந்த கட்டைப் பிரிச்சிரவா?" என்று வாயைத் திறந்தால் தீர்ந்தான். "இப்பத்தானடா வந்தேன், ஒரு வாய் தண்ணி குடிக்க விடுறியா?"

திரையில் படம் தெரிந்ததும் இந்த நியாயமெல்லாம் காற்றில் பறந்துவிடும். பில் போடும் ஐகான் மேல் இரண்டு தட்டு. அசையவில்லை. நாலு தட்டு. "என்னலா இது!" எட்டு தட்டு.

ஷட்டர் ஏறிவிட்டால் கடை தயார் என்று அர்த்தமா? விண்டோஸ் முகம் காட்டுவதும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுந்து வருகிறார்கள்: ஆன்டிவைரஸ், பிரிண்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த மென்பொருள், வாட்ஸ்அப், மகள் எப்போதோ ஏற்றிய பாட்டுச் செயலி, விண்டோஸ் அப்டேட். எல்லாரையும் உள்ளே விட்டவர் அண்ணன்தான். சேலையில் அஞ்சு வெள்ளி குறைக்க அரைமணி நேரம் யோசிக்கிறவர், திரையில் எந்தப் பெட்டி எழுந்து அனுமதி கேட்டாலும் படிக்காமல் ஓகே போட்டுவிடுவார்.

வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வேண்டியது ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு அது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்க, அதன் மேலிருக்கும் கரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது. வினாடிக்கு நூறு நடை போனாலே பெரிய காரியம். அப்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறும், பிராசஸர் பாதி நேரம் சும்மா காத்துக்கொண்டிருக்கும். அண்ணன் தட்டிய தட்டெல்லாம் அதே வரிசையின் வாலில் போய் நிற்கிறது.

வரிசை நகர்ந்ததும் பில் ஜன்னல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறக்கும். எதிரே கை நிறையத் துணியோடு ஒரு மலாய் அம்மா, "போஸ், லாம்பாட்லா!" என்பார். மானப் பிரச்சினை ஆகிவிடும். அண்ணன் குனிந்து பிளக்கையே பிடுங்கிவிட்டு மறுபடி செருகுவார். எல்லாம் முதலிலிருந்து.

லோயாட் பிளாசாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் வந்து பார்த்தான். ஸ்டார்ட்-அப் பட்டியலில் வேண்டாததை முடக்கினால் காசே செலவில்லை என்றான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினால் சுழலும் தட்டும் கிடையாது, ஓடும் கரமும் கிடையாது, தொல்லை விட்டது என்றான். "எத்தனை வெள்ளி?" அவர் கடையில் சுமாரான ஒரு பட்டுச்சேலைக்குக்கூட அதைவிட அதிகம். இருந்தாலும் அண்ணன், "தீபாவளி முடியட்டும்" என்றார். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

அதனால் மஸ்ஜித் இந்தியாவுக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் பத்தரைக்கு மேல் போங்கள். பத்து மணிக்கே போய்த்தான் தீர வேண்டும் என்றால் சில்லறையோடு போங்கள். தயவுசெய்து ரசீது கேட்காதீர்கள்.