வாயிற்காப்போனின் சுபாவம்

கேள்வி: லினக்ஸில் ஐபிடேபிள்ஸ் கொண்டு நடத்திவந்த ஃபயர்வாலை ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப்புக்கு மாற்றினேன். முதலில் 'என்னை விடு', கடைசியில் 'எல்லோரையும் தடு' என்ற பழைய வரிசைதான். இப்போது என்னையே உள்ளே விட மறுக்கிறதே?
(ஒரு வாசகர், மல்லேசுவரம், பெங்களூரு)

பதில்: தாங்கள் மாற்றியது வாயிற்காப்போனை மட்டுமன்று, அவன் சுபாவத்தையுந்தான். ஐபிடேபிள்ஸ் என்பவன், ஏட்டை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, பாக்கெட்டுக்குப் பொருந்தும் முதல் தீர்ப்பைக் கண்டதும் ஏட்டை மூடிவிடும் அவசரக்காரன். பிஎஃப்போ, கடைசி வரி வரையில் நிதானமாக வாசித்து, இறுதியாகப் பொருந்திய விதி எதுவோ அதையே பிரமாணமாகக் கொள்ளும் பண்டிதர். ஆகவே தங்கள் 'எல்லோரையும் தடு' அவருக்கு வேதவாக்காயிற்று. அதை முதல் வரியாக எழுதி, அனுமதிகளைக் கீழே வையுங்கள். அல்லது அனுமதி விதியில் 'குவிக்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், பண்டிதரும் அங்கேயே வாசிப்பை நிறுத்திவிடுவார்.

2001-இல் உரிமத் தகராறினால் ஐபிஃபில்டர் என்னும் முந்தைய ஃபயர்வால் ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது டேனியல் ஹார்ட்மையர் எழுதிக் கொடுத்த மாற்றே பிஎஃப். கடைசி விதிக்கே வெற்றி என்னும் சம்பிரதாயம், வெளியேறியவர் விட்டுச் சென்ற பிதுரார்ஜிதம்.

புது விதிகளை ஏற்றுமுன் 'பிஎஃப்சிடிஎல் -என்' கொண்டு சோதிக்கலாம். ஆனால் அது இலக்கணப் பிழையைச் சொல்லுமேயன்றித் தர்க்கப் பிழையைச் சொல்லாது. எனவே, ஐந்து நிமிடத்தில் பிஎஃப் தானே அணையும்படி ஒரு கட்டளையைக் குறித்துவிட்டு ஏற்றுங்கள்; எல்லாம் சரியாயிருந்தால் அதை ரத்து செய்யலாம். அவ்விதம் செய்யாமல், சர்வரும் வைட்ஃபீல்டில் இருக்குமாயின், மாலை வேளையில் மல்லேசுவரத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள், ஃபயர்வாலின் விதியை மட்டுமன்று, தலைவிதியையும் விசாரம் செய்யத் தங்களுக்குத் தாராளமான அவகாசம் கிடைக்கும்.