தாட்சண்யமும் கடவுச்சொல்லும்: அடுக்குமாடி இல்லங்களின் வைஃபை காவல் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

வாழ்வை அகம், புறம் என்று இரண்டாகப் பகுத்தது தமிழ் மரபு. வைஃபை அலை இந்தப் பகுப்புக்கு அடங்காது. டிவி அலமாரியின் மேல்தட்டில், அகத்தில் பிறக்கும் அது சுவரைத் துளைத்துப் புறத்தில் திரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நிலைப்படியை மதிப்பதே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சற்றுக் கூச்ச சுபாவம் உடையது. இரண்டாம் சுவரிலேயே தளர்ந்துவிடும். எனவே வாசற்கதவைத் தாழிட்டவர் வைஃபையையும் தாழிட்டதாகக் கொள்வது பிழை. இந்த அலையைப் பூட்டும் முறை யாது, பூட்டிய பின்னும் அது திறந்தே கிடப்பது எதனால் என்பவை இங்கே ஆராயப்படுகின்றன. ஆய்வுக் களம் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு. ரயில் நிலையமும் தங்கும் விடுதியும் எல்லைக்குப் புறம்பானவை.

இது வெட்டி ஆராய்ச்சி என்பாருக்கு ஒரு சான்று. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை அந்த வீட்டு வாசலில் போய் நின்றது. இணைய முகவரி இணைப்பு யாருடையது என்று காட்டும். அதில் வந்து ஒட்டிக்கொண்டவரின் முகத்தைக் காட்டாது.

2. முன்னோர் முயற்சிகள்

முதல் பூட்டு 1997இல் வந்த வெப். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் வேறு வேறாக இருக்க வேண்டிய எண்ணுக்கு அதில் 24 பிட் மட்டுமே ஒதுக்கினார்கள். நெரிசல் மிகுந்த வலையமைப்பில் அந்த எண்கள் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழையவையே திரும்ப வந்தன. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் அதன் அடியில் இருந்த ஆர்சி4 முறையின் பலவீனத்தை விளக்கி எழுதியதோடு வெப்பின் கதை முடிந்தது. 2003இல் அவசரத்துக்கு டபிள்யூபிஏ, 2004இல் நிதானமாக டபிள்யூபிஏ2. அதிலும் ஒரு ஓட்டையை 2017இல் பெல்ஜியத்தின் மாத்தி வான்ஹூஃப் காட்டினார். மென்பொருள் திருத்தத்தால் அது அடைபட்டது. 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. இருபது ஆண்டுகளில் பூட்டு மூன்று முறை மாறியிருக்கிறது. கடவுச்சொல்லோ பெரும்பாலான வீடுகளில் நெட் போட வந்த தம்பி வைத்துவிட்டுப் போனதாகவே இருக்கிறது.

3. கடவுச்சொல் வகைப்பாடு

டபிள்யூபிஏ2 கடவுச்சொல்லுக்குக் கீழெல்லை 8 எழுத்து, மேலெல்லை 63. மேலெல்லையைத் தொட்டுப் பார்த்தவர் அரியர். கீழெல்லையை ஒட்டி வாழும் பெரும்பான்மையை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது தெய்வ வகை. இதன் இலக்கணம் மிகவும் ஒழுங்கானது. ஆங்கில எழுத்தில் சிவா நான்கு. எனவே 1234 சேர்கிறது. முருகனும் பெருமாளும் ஏழு. ஆளுக்கொரு 1 போதும். ஐயப்பன் சரியாக எட்டு. துணை எண் இன்றித் தானே நிற்பார். மீனாட்சிக்கு ஒன்பது, எல்லையைக் கடந்தவள். தெய்வத்தின் பெயர் குறுகக் குறுக எண் வால் நீளும் என்பது இதனால் பெறப்படும் விதி. இந்த விதியை நாம் கண்டுகொண்டது போலவே களவாளியும் கண்டுகொள்வான் என்பதே இவ்வகையின் குறை.

இரண்டாவது மழலை வகை: பிள்ளையின் செல்லப்பெயரோடு பிறந்த ஆண்டு. முதற்பாதி மாடிப்படியில் நாள்தோறும் உரக்கக் கூவப்படுவது. பிற்பாதி பிறந்தநாள் கேக்கில் எழுதப்படுவது.

மூன்றாவது கைபேசி எண் வகை. பத்து இலக்கம் என்றதும் பாதுகாப்பாகத் தோன்றும். இந்தியக் கைபேசி எண் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடி எண்களே சாத்தியம். புதிய கருவி ஒன்று இணையும்போது ரவுட்டரோடு அது நடத்தும் கைகுலுக்கலை மாடிப்படியில் நின்றே பதிவு செய்துகொள்ளலாம். பிறகு வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகிக்கலாம். ஒவ்வோர் ஊகத்தையும் வலையமைப்பின் பெயரோடு சேர்த்து 4,096 சுற்று கணக்கிட வேண்டும். அப்படியும் இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். 400 கோடியும் 67 நிமிடத்தில் முடியும். டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைத்துவிட்டது. அதில் ஒவ்வோர் ஊகத்துக்கும் ரவுட்டரின் முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

4. தடையும் விடையும்

அற்றேல், வலையமைப்பின் பெயரை மறைத்து வைத்தால் ஆகாதோ எனின், ஆகாது. ரவுட்டர் பெயரைச் சொல்லாதபோது, அதைத் தேடி நம் கைபேசிதான் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். வீட்டில் காத்த ரகசியத்தைக் காய்கறிச் சந்தையில் கூவியபடி நடப்போம்.

பெயரைச் செந்தமிழில் வைத்தால் அந்நியர் அஞ்சுவரோ எனின், அதற்கு இடம் போதாது. பெயருக்கு 32 பைட்டே எல்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'அன்னை இல்லம்' என்பது இடைவெளியோடு 34 பைட். கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டால் 31 ஆகி உள்ளே நுழையும். இலக்கணம் வெளியே நிற்கும். எம்மொழியில் வைத்தாலும் கதவு எண்ணையும் குடும்பத் தலைவர் பெயரையும் அதில் சேர்ப்பது, எந்த வீட்டு அலை என்று வழிகாட்டுவதாகும்.

கருவியின் மேக் முகவரியைப் பதிவு செய்து, அதற்கு மட்டும் அனுமதி தந்தாலோ எனின், அம்முகவரி காற்றில் மறைப்பின்றிச் செல்வது. யாரும் பார்த்துத் தமதாக்கிக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதி உண்டே எனின், அதன் 'பின்' (PIN) எண்ணைக் கொண்டும் இணையலாம் என்பதில்தான் வினை. எட்டு இலக்கம், பத்துக் கோடி வாய்ப்பு என்று எண்ணியிருந்தனர். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மேலும் முதல் நான்கு சரியா தவறா என்பதை ரவுட்டர் தனியே சொல்லிவிடும். எனவே 11,000 முயற்சிக்குள் முடிந்துவிடும் என்று 2011இல் வெளிப்பட்டது. அணைத்து வைத்தலே அறிவுடைமை என்க.

ரவுட்டரின் உள்ளறைக்குச் செல்லும் கடவுச்சொல் 'அட்மின்' என்றே இருக்கலாமோ எனின், கூடாது. 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

5. கருதுகோள்

மேற்கண்ட அனைத்தையும் பிழையறச் செய்த ஓர் இல்லத்தைக் கற்பனை செய்க. டபிள்யூபிஏ3, இருபது எழுத்துக் கடவுச்சொல், டபிள்யூபிஎஸ் அணைப்பு. அழைப்பு மணி அடிக்கிறது. மேல்மாடி வீட்டார்.

"அக்கா, எங்க வீட்ல நெட் வரல. பையனுக்கு கிளாஸ் இருக்கு. பாஸ்வேர்டு கொஞ்சம் சொல்றீங்களா?"

"அதுக்கென்ன, போட்டுக்கோங்க."

இத்தாக்குதலுக்கு 4,096 சுற்றுக் கணக்கு தடையாகாது. இதன் பெயர் தாட்சண்யம். கணிதத்தால் உடையும் வீட்டு வைஃபைகளைவிட முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் உடைபவையே மிகுதி என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

கொடுத்தது தவறன்று, திரும்பப் பெற வழியில்லை என்பதே சிக்கல். வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே சாவி. ஒருவரை நீக்க வேண்டுமானால் எல்லோரையும் நீக்கியாக வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய அன்று டிவி ரிமோட்டின் அம்புக்குறியால் இருபது எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பிறகு கேமரா, பிரிண்டர், தாத்தாவின் டேப்லெட். இந்த உழைப்புக்கு அஞ்சியே பையன் கல்லூரி முடித்த பிறகும் பழைய சாவி புழங்குகிறது. அதற்குள் அது மேல்மாடியிலிருந்து அவர்களுடைய மைத்துனருக்கும், அங்கிருந்து அவர் நண்பருக்கும் சென்றிருக்கும். உள்ளே வந்தவர் இணையத்தோடு நிற்பதில்லை. பிரிண்டரும் கேமராவும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

6. முடிபு

இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் விருந்தினர் வலையமைப்பு என்றொரு வசதி உண்டு. தனிப் பெயர், தனிச் சாவி. அதில் வருவோர்க்கு இணையம் கிட்டும். வீட்டுக் கருவிகள் எட்டா. பொங்கல் கூட்டம் கலைந்ததும் அந்தச் சாவியை மட்டும் மாற்றிவிடலாம். டிவி ரிமோட்டைத் தொட வேண்டியதில்லை. இல்லை என்று சொல்லாமலே இருப்பதைக் காக்கும் இவ்வசதியே, பூட்டுகளின் வரலாற்றில் தாட்சண்யத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒன்று என ஆய்வு துணிகிறது.

மேலாய்வுக்கு ஒரு வினா மட்டும் எஞ்சுகிறது. மாப்பிள்ளை வந்து பாஸ்வேர்டு கேட்டால் எந்த வலையமைப்பைக் கொடுப்பது? விருந்தினர் என்றால் அவருக்குக் கோபம். வீட்டார் என்றால் மகனுக்குக் கோபம். இரு கட்சிக்கும் வலுவான வாதங்கள் உள்ளன. மாமியாரின் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது; அதுவரை மாப்பிள்ளை தம் சொந்த டேட்டாவில் இருக்கிறார்.