பட்டறை மெச்சிய வண்டி

என் டீசல் எஸ்யூவியைக் குறை சொன்ன ஒருவரையும் செர்டாங்கில் நான் பார்த்ததில்லை. பட்டறைக்காரர் மெச்சுகிறார். உதிரிபாகக் கடைக்காரர் மெச்சுகிறார். இழுவை லோரிக்காரர் தூரத்தில் கண்டாலே கையசைக்கிறார். இத்தனை பேருக்குப் பிழைப்புக் கொடுத்த வண்டியை விற்கப் போகிறேன். அதற்கு முன்னால் முறையாகப் புகழ்ந்து அனுப்புவதுதான் நியாயம். 2017-இல் வாங்கியது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே நான் சொல்லும் பெருமைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல.

வலிமையிலிருந்து தொடங்குகிறேன். 2.2 லிட்டர் இன்ஜின், டர்போ, ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நிமிடத்துக்கு 2,000 சுற்றை எட்டும்போதே அந்த விசை முழுதாகக் காலடிக்கு வந்துவிடும். செம்பனைக் குலை நிரம்பிய டிரெய்லரை மழை நாளில் தோட்டத்து மேட்டில் இழுத்து ஏற்ற இது போதும். அந்த விசையை என் வண்டி எனக்காக வீட்டிலிருந்து பள்ளி வாசலுக்கும், பள்ளியிலிருந்து சந்தைக்கும், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் செலவிட்டது. ஒரு கட்டுக் கீரையையும் புத்தகப் பையோடு இரண்டு பிள்ளைகளையும் அது மறுக்காமல் சுமந்தது. தகுதிக்குக் குறைந்த வேலை என்று ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே மட்டும் கரி படிந்தது.

செர்டாங்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென் கோடியில், பினாங்கும் பேராக்கும் வந்து ஒட்டும் மூலையில் இருக்கிறது பண்டார் பாரு மாவட்டம். அதன் நிர்வாக நகரம் எங்கள் செர்டாங். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே இன்னும் பால்மரம். வடக்கே குலிம், கிழக்கே செலாமா, தென்மேற்கே கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார். ஊருக்குள் எல்லாமே பக்கம்தான். இன்ஜின் சூடாவதற்குள் போய்ச் சேர வேண்டிய இடம் வந்துவிடும். எங்களுக்கு இது வசதி. டீசல் இன்ஜினுக்கு இதுதான் நோய்.

வஞ்சப்புகழ்ச்சி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போனவர், அவனுடைய படைக்கலங்களைப் பார்த்து மெச்சினார். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இவை எவ்வளவு அழகாக இருக்கின்றன என்றார். எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தொண்டைமானின் வேல் மின்னியது, போருக்குப் போகாததால். அதியமானின் வேல் பட்டறையில் கிடந்தது, போருக்குப் போனதால். என் வண்டி இரண்டு மன்னர்களையும் மிஞ்சிவிட்டது. அது போருக்கும் போகவில்லை, பட்டறையை விட்டும் நகரவில்லை. போருக்குப் போகாததால்தான் பட்டறையில் கிடந்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. புதுக் காலத்து டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரிவடிகட்டி ஒன்று இருக்கிறது. பட்டறையில் டிபிஎஃப் என்பார்கள். பீங்கான் போன்ற பொருளில், நெருக்கமான கண்ணறைகளோடு செய்தது. இன்ஜின் கக்கும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டி ஏறக்குறைய 600 டிகிரி சூட்டை எட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடும் வண்டிக்கு இது யாரும் கவனிக்காமலேயே நடந்து முடியும். பள்ளிக்கும் சந்தைக்கும் போய் வரும் வண்டி எரிக்கத் தொடங்கும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். கரி அப்படியே தங்கும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி அணையும். கடைசியில் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும், இன்ஜின் விசையைக் குறைத்துக்கொள்ளும், 400 நியூட்டன் மீட்டர் வண்டியைச் சைக்கிள் முந்திக்கொண்டு போகும்.

"அண்ணே, வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க ஓட்டுறதுதான் பத்தல. ஹைவேயில ஏத்தி ஒரு மணி நேரம் நல்லா வெரட்டிட்டு வாங்க" என்றார் குலிமில் என் வண்டியைப் பார்க்கும் பொமென். நல்ல கைக்காரர், சொன்னதும் சரிதான். அப்படித்தான் பண்டார் பாருவில் நெடுஞ்சாலை ஏறி, ஒரு வேலையும் இல்லாத தைப்பிங்வரை போய்த் திரும்பி வருவது என் வாடிக்கை ஆனது. சிக்கனத்துக்காக வாங்கிய வண்டி கெடாமல் இருக்க, எண்ணெயும் டோலும் செலவழித்து அதைக் காற்று வாங்கக் கூட்டிப் போக வேண்டும். இவ்வளவு அன்பான கவனிப்பைத் தன் சொந்தக்காரரிடமிருந்து வாங்கத் தெரிந்த இயந்திரம் வேறு எது இருக்கிறது?

அடுத்த பெருமை இன்னும் பெரியது. மற்ற வண்டிகளில் மினியாக் ஹித்தாம், அதாவது இன்ஜின் எண்ணெய், ஓட ஓடக் குறையும். என் வண்டியில் ஏறியது. அளவுகோலை உருவிப் பார்த்தால் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரத்தைக் கதையில் கேட்டிருக்கிறோம். இது ஊற்றாமலே பெருகும் பாத்திரம். காரணம் இதுதான்: கரியை எரிக்க வேண்டிய சூட்டை உண்டாக்க, வழக்கமான நேரம் கடந்தபின் சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் டீசல் பாய்ச்சப்படும். அதில் எரியாத பங்கு சுவரோடு வழிந்து கீழே எண்ணெயில் கலக்கிறது. எரிப்பு பாதியில் நின்று நின்று தொடங்கும்போது இப்படிக் கலப்பது கூடிக்கொண்டே போகும். டீசல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் டர்போவின் தாங்கிகளைக் காப்பாற்றாது. என் வண்டி டர்போவையும் இப்படித்தான் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது.

இதில் எங்கள் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ரூடால்ஃப் டீசலின் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியா செம்பனையை அந்த வழிக்குக் கொண்டுவந்தது. 2019 முதல் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை வழி வந்த எரிபொருள். கந்தகம் குறைந்த யூரோ 5 டீசலில் 7 விழுக்காடு கலந்த வகையும் கிடைக்கிறது, லிட்டருக்கு 20 காசு கூடுதலாக. தோட்டத்தில் நம் சனங்கள் வெட்டித் தூக்கிய குலை ஆலைக்குப் போய்ச் சுற்றி வந்து என் டாங்கியில் இறங்குகிறது என்று நினைக்கும்போது பெருமையாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கலப்பு எரிபொருள் ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் தண்ணீர் சேரும். டீசல் வடிகட்டியை முன்னதாகவே மாற்ற வேண்டும். இன்ஜின் எண்ணெயில் கலந்த செம்பனைப் பங்கு டீசலைப் போல எளிதில் ஆவியாகிப் போகாது. தினமும் பாரம் ஏற்றி ஓடும் லோரிக்கு இவையெல்லாம் சில்லறைத் தொல்லை. கூரைக்குக் கீழே பளபளப்பாக நிற்கும் வண்டிக்குத்தான் செம்பனை ஒத்துக்கொள்வதில்லை.

சிக்கனத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் புகழுரை நிறைவாகாது. டீசலுக்கு மாறச் சொல்லி என்னிடம் பேசிய எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பொய் இல்லை. இதே அளவுள்ள பெட்ரோல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் இடத்தில் இது 7 லிட்டரில் முடித்துக்கொள்ளும். டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசாக நின்ற வரையில் அந்த 3 லிட்டர் மிச்சம் பையில் தெரிந்தது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலுக்கான பொதுவான உதவித்தொகை நீங்கியது; ஒரே இரவில் விலை 3 வெள்ளி 35 காசு. பெட்ரோல் ரோன் 95 அன்றும் 2 வெள்ளி 5 காசுதான். கணக்குப் போடுங்கள்: 7 லிட்டர் டீசலுக்கு 23 வெள்ளி 45 காசு, 10 லிட்டர் பெட்ரோலுக்கு 20 வெள்ளி 50 காசு. என் வண்டி அதற்குப் பிறகும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதே 3 லிட்டரை மிச்சம் பிடித்தபடியே, ஏறத்தாழ 3 வெள்ளி கூடுதலாகச் செலவு வைத்தது. பின்னர் விலை வாராவாரம் ஏறியும் இறங்கியும் வந்தது. பழைய 2 வெள்ளி 15 காசுக் கணக்கை நம்பி வாங்கியவர்கள் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டாயிற்று.

அரசாங்கத்தை இதில் நான் ஏசப் போவதில்லை. டீசல் உதவித்தொகைச் செலவு 2019-இல் 140 கோடி வெள்ளியாக இருந்து 2023-இல் 1,430 கோடியானது என்று பிரதமர் சொன்னார். வண்டிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. எண்ணெய் எங்கோ ஒழுகியது. சிறு தோட்டக்காரர்களுக்கும் தகுதியுள்ள தனியார் வண்டிக்காரர்களுக்கும் 2024-இல் புடி மடானி என்று மாதம் 200 வெள்ளி கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று ஏக்கர் செம்பனை வைத்துக்கொண்டு பழைய டீசல் வண்டியில் குலை ஏற்றுகிறவருக்கு அந்தப் பணம் போய்ச் சேருவதுதான் முறை. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் பெரிய வண்டிக்கு ஊர்ப்பணத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பதை இந்த வண்டிதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அதற்கும் ஒரு புகழ்.

இனி வருவதுதான் இதை எழுத வைத்தது. வடிகட்டி இரண்டாம் முறை அடைத்தபோது இன்னொரு பட்டறையில் எனக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வடிகட்டியை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மூடிப் பற்றவைத்துவிடலாம், கணினியிலும் ஒரு கைவேலை செய்துவிடலாம், விளக்கு எரியாது. புது வடிகட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. இப்படிச் செய்தவர்கள் யார் யார் என்று பெயர் பெயராகச் சொன்னார்கள். எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களாம். வண்டி பறக்கிறதாம். உண்மையாகத்தான் இருக்கும்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் அறிவித்து, அதை முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. வெட்டி எடுத்த வடிகட்டி பிடித்து வைத்திருக்க வேண்டிய கரி, காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வண்டிகளிலிருந்து, சாலை கடக்க நிற்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேர் உயரத்தில் வெளியே வருகிறது. குலை ஏற்றும் லோரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நிலையத்தில் புகையைக் காட்டிவிட்டுத்தான் சாலைக்கு வர முடியும். தனியார் எஸ்யூவிக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயம் எதுவும் இல்லை, பெரும்பாலும் கைமாறும்போதுதான். உழைக்கிறவனின் புகையை அளக்கிறோம், உலாப் போகிறவனின் புகையை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுகிறோம்.

பெரிய நிறுவனங்களும் இந்தக் கைவேலையில் சளைத்தவை அல்ல. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் பிடிபட்ட ஃபோக்ஸ்வேகன் விவகாரம் உலகறிந்தது. பரிசோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்தது. என் வண்டி அந்த நிறுவனத்தது அல்ல. ஆனால் குலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் வடிகட்டியை வெட்டுகிறவர்கள், அந்தப் பெரிய இடத்துப் பாடத்தைச் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நான் புது வடிகட்டிதான் போட்டேன். இத்தனை ஆண்டுகளில் இந்த வண்டியில் வஞ்சம் இல்லாமல் நான் புகழக் கூடிய உறுப்பு அது ஒன்றுதான். மற்றவை கெட்டது அவற்றுக்கு வேலை கொடுக்காததால். வடிகட்டி கெட்டது, பிள்ளைகளின் மார்புக்குப் போக வேண்டிய கரியைத் தானே விழுங்கியதால். அடைபட்டு, சூடேறி, சாம்பலாகிப் போன ஒரு உறுப்பைத் தொல்லை என்று சொல்லி வெட்டி எறிகிறோம்; அதைத் தொல்லை ஆக்கியது நம்முடைய குட்டிக் குட்டிப் பயணங்கள்.

டீசல் இன்ஜின் மட்டமானது என்று யாரும் எண்ண வேண்டாம். தோட்டத்திலிருந்து ஆலைக்கு நாள் முழுக்கப் பாரம் இழுக்கும் லோரிகளைப் பாருங்கள். உரசலும் நெளிசலுமாக, சேறு அப்பி, அதியமான் வேல் போலவே இருக்கின்றன. அந்த இன்ஜின் அந்த வேலைக்குப் பிறந்தது. கடைவீதிக்குப் போய்வர அதை நமக்கு விற்றவர்களும், உயரமான வண்டி வாசலில் நின்றால்தான் வீட்டுக்கு மதிப்பு என்று நம்பும் நம் உறவு முறைகளும்தான் இதைப் படிக்க வேண்டியவர்கள்.

வண்டி விற்பனைக்கு இருக்கிறது. டர்போ மாற்றியது, வடிகட்டி புதிது, வேலை செய்த ரசீதுகள் எல்லாம் கையில் உண்டு. செலாமா பக்கமோ மாஹாங் பக்கமோ தினமும் பாரம் இழுக்கும் வேலை உள்ளவர் வந்து பார்க்கலாம். பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் என்றால் வர வேண்டாம், சின்னதாக ஒரு பெட்ரோல் கார் வாங்கிக்கொள்ளுங்கள். வடிகட்டியை வெட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கு விலையில் குறைத்துத் தருகிறேன்.