ஜன்னலோரத் தாய்மாமன்

குழந்தை பிறந்த வீட்டுக்குத் தாய்மாமன் தங்க அரைஞாணோ வெள்ளிக் கொலுசோ கொண்டுவருவது வழக்கம். இந்த மாமா கேமராப் பையோடு வருவார். உள்ளே நுழைந்ததும் குழந்தையைப் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். அது எந்தத் திசை, எத்தனை மணிக்கு வெயில் இறங்கும், எதிர்வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் குழந்தை யார் ஜாடை என்ற பேச்சுக்கே வருவார்.

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். மென்பொருள் கம்பெனியில் வேலை, மாதத் தவணையில் கேமரா, கூடவே ஒரு 50 எம்.எம். லென்ஸ். கொள்கை ஒன்றே ஒன்று: பச்சைக் குழந்தைக்கு ஃபிளாஷ் கூடாது, இயற்கை வெளிச்சம்தான். யாராவது ஃபிளாஷ் என்று வாயெடுத்தால், சுத்த சைவர் கருவாட்டுக் கடையைக் கடப்பதுபோல மூக்கைச் சுளிப்பார்.

கொள்கைக்கு வீட்டில் ஒரே ஒரு ஆதரவு ஓட்டு உண்டு. அது அவருடைய அம்மாவின் ஓட்டு. "பளிச்சு பளிச்சுன்னு அடிச்சா புள்ளைக்குக் கண்ணு பூத்துப் போயிரும்டா." இருவரும் ஒரே கட்சிதான், காரணம்தான் வேறு. மாமாவுக்கு அழகு, அம்மாவுக்குப் பயம். பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஃபிளாஷ் எரிவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதைவிடவும் குறைவு. சாதாரண கேமரா ஃபிளாஷால் குழந்தையின் பார்வை கெடாது என்றுதான் கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைச் சோதிக்கும்போது இதைவிட நெடுநேரம் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதும் அவர்கள்தான். முகத்தருகே கொண்டுபோய் அடித்தால் குழந்தை திடுக்கிட்டு வீரிடும். பிறகு சமாதானப்படுத்துவது குழந்தையைப் பெற்ற அக்காவின் பாடு.

அழகு விஷயத்தில் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. கேமராவின் தலையிலேயே இருக்கும் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்து, உப்பிய கன்னத்தைத் தட்டையாக்கிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் அதன் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் தொட்டில் போடும் நாளில் எடுத்த படங்களில் குழந்தை சுண்ணாம்பு வெளுப்பிலும், பின்னால் நிற்கும் சொந்தபந்தம் மொத்தமும் கும்மிருட்டிலும் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வழிந்து வரும். கன்னக்குழி தெரியும், பூனைமுடி தெரியும், அம்மா வைத்த திருஷ்டிப் பொட்டின் விரல் ரேகைகூடத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஒப்பந்தத்தில் குழந்தை கையெழுத்துப் போடவில்லை. மாமாவின் வெளிச்சம் காலை பத்து மணிக்கு வரும். அப்போது குழந்தை எண்ணெய் தேய்த்துக் குளித்து, அடித்துப் போட்டாற்போலத் தூங்கும். அது கையைக் காலை உதைத்துச் சிரிப்பது ராத்திரி ஒன்பதரைக்கு, டியூப்லைட்டுக்குக் கீழே. மாமா கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 6400-க்கு ஏற்றுவார். படம் முழுக்கப் புள்ளி பொரியும். ஷட்டரை வேகமாக வைத்தால் இன்னொரு வம்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மங்கி எழும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் குழந்தை ஒன்றில் சிவப்பாகவும் மற்றதில் மாநிறமாகவும் இருக்கும். "யார் ஜாடை" விவாதம் மறுபடி தொடங்கும்.

வெளிச்சம் போதவில்லை என்று லென்ஸை எஃப் 1.8-க்குத் திறப்பார். இரண்டடி தூரத்தில் அப்படித் திறந்தால் ஃபோகஸ் நிற்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். மூக்கு நுனி ஊசிமுனைத் தெளிவு; மற்றதெல்லாம் பனிமூட்டம்.

"டேய், கண்ணு எங்கடா?"

"அக்கா, அது ஒரு மூடு."

உதவியாளர்கள் இல்லாமல் இயற்கை ஒளி இயங்காது. குழந்தையின் அப்பா எட்டு முழ வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து ரிஃப்ளெக்டராக நிற்பார். அக்கா படுக்கை விரிப்புக்குள் ஒளிந்து குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடிப்பாள். மாமாவுக்குத் தெரியுமோ என்னவோ, இது பழைய தொழில்நுட்பம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு படம் பதியப் பல நொடிகள் ஆகும். குழந்தை அசையாதிருக்க அம்மாவைத் துணி போட்டு மூடி, நாற்காலிபோல உட்காரவைத்து மடியில் குழந்தையை வைத்தார்கள். ஜூலியா மார்கரெட் கேமரனின் பெயரை மட்டும் மாமா அடிக்கடி சொல்வார். 48 வயதில் கேமராவைத் தொட்டு, கோழிக்கூண்டைக் கண்ணாடி ஸ்டுடியோவாக்கி, பகல் வெளிச்சத்தில் குழந்தைகளைத் தேவதைகளாக எடுத்தவர். 1879-இல் இலங்கை மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். "அவங்க ஃபிளாஷா வச்சிருந்தாங்க?" என்பார். வேட்டி பிடித்த கை வலிக்கும் மச்சானிடம் அதற்குப் பதில் இருக்காது.

மச்சான் தன் கைபேசியில் ஃபிளாஷ் போட்டுத் திருட்டுத்தனமாக எடுத்த படங்களை மாமா ஈவிரக்கமில்லாமல் அழிப்பார். படத்தில் கண் சிவந்து தெரியும் செவ்விழி அவருக்கு ஆகாது. ஆனால் அந்தச் சிவப்பு, ஃபிளாஷ் வெளிச்சம் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்களில் பட்டுத் திரும்பி வருவதுதான். ஒரு கண் சிவந்து மற்றது மட்டும் வெள்ளையாக மின்னினால், அது படம் எடுத்த கோணத்தால்கூட இருக்கலாம். கண்புரையாகவோ, அபூர்வமாக ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றாகவோ இருக்கவும் கூடும். பெற்றோர் எடுத்த ஃபிளாஷ் படத்திலேயே அந்தப் புற்று முதலில் கண்ணில் பட்ட குழந்தைகள் உலகெங்கும் உண்டு. அப்படி ஒரு படம் வந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஜன்னலோரப் படம் எத்தனை அழகானாலும் இதைக் காட்டிக்கொடுப்பது அரிது.

மாமா கேமராவைத் தொடமுடியாத நாள் ஒன்று உண்டு. காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தாகவேண்டும். படம் எடுக்க உள்ளூர் ஸ்டுடியோக்காரர் வருவார், தலையில் பெரிய ஃபிளாஷ் மாட்டிய கேமராவோடு.

"நேரா அடிக்காதீங்கண்ணே, மேல பவுன்ஸ் பண்ணுங்க."

"சார், பந்தல் மஞ்சத்துணி. மேல அடிச்சா மஞ்சளாத்தான் திரும்பும். புள்ளைக்குக் காமாலையான்னு உங்கம்மாவே கேப்பாங்க. நிமிர்ந்து உக்காருங்க."

ஆசாரி ஊசியை எடுக்கவும் ஃபிளாஷ் அடிக்கவும் சரியாக இருக்கும். குழந்தையின் திறந்த வாய், உருளும் கண்ணீர், தாத்தாவின் கலவரம், பின்வரிசை அத்தைகள் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கும். மாமா மட்டும் கண்ணை இறுக்கி மூடியிருப்பார். சாயங்காலம் ஸ்டுடியோக்காரருக்குத் தனியாகப் போன் போட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம், டிரைவில் போடுங்கள் என்பார். வாட்ஸ்அப்பில் வந்தால் தரம் குறைந்துவிடுமாம்.